ஹாகன் வீட்டு கராஜ் ஹீட்டர்

காலை ஆறே முக்காலுக்கு மார்லிஸ் ஹாகன் போன் செய்து, கராஜ் ஹீட்டர் ஓடவில்லை, ஆனால் அவசரம் ஒன்றுமில்லை, எனக்கு ஒழிந்தபோது வந்தால் போதும் என்றாள். அவசரமில்லாத மனுஷி ஆறே முக்காலுக்கு எதற்குப் போன் செய்கிறாள்? எங்கள் வடக்கு மினசோட்டாவில் இதையெல்லாம் கேட்கக் கூடாது. கூரை பற்றி எரிந்தாலும், "சும்மா ஒரு தகவல் சொல்லலாம்னுதான்" என்று ஆரம்பிக்கிற ஜனங்கள். நானும் இந்த ஊர்க்காரன்தான். "பாக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்தபடி கையிலிருந்த காலுறையைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று குளிர் பிடித்துப் பதினொன்றாவது நாள். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. இப்படி ஒரு குளிர் இறங்கினால் இந்தப் பக்கத்து ஹீட்டர்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒன்றாக உயிரை விடும். மூன்று ஊருக்கும் சேர்த்து ரிப்பேர்காரன் நான் ஒருத்தன். வயது அறுபத்தாறு. வலது முழங்கால் ஏணியில் ஏற மறுக்கிறது, இறங்க அதைவிட மறுக்கிறது. முந்தின நாள் ஒருத்தன் என்னை நாற்பது மைல் வரவழைத்தான். போய்ப் பார்த்தால், கோடையில் மூடிய கேஸ் வால்வை அவன் திறக்கவேயில்லை. திறந்துவிட்டேன். "ஓ, அதுவா" என்றான். அவன் கழுத்தைப் பிடிக்காமல் வந்தேன் என்றால் அதற்குக் காரணம் பொறுமை இல்லை. கையுறையைக் கழற்ற அலுப்பு.

ஹாகன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. மார்லிஸ் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கதவைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளேயிருந்தே கராஜைக் கை காட்டினாள், அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாததுபோல. அந்தக் கராஜ் வீட்டோடு ஒட்டியது இல்லை. பின்வாசலிலிருந்து முப்பது தப்படி தள்ளித் தனியாக நிற்கிறது. நான் பக்கக் கதவைத் தட்டினேன்.

"தொறந்துதான் இருக்கு," என்று உள்ளேயிருந்து டெல்மரின் குரல் வந்தது.

டெல்மர், மார்லிஸின் கணவன். நாற்பது வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். இப்போது கராஜுக்குள், டிரக்குக்கும் வேலை மேஜைக்கும் நடுவில், ஒரு மடக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தொப்பி. தோளைச் சுற்றி மின்சாரக் கம்பளி; அதன் ஒயர் பின்னால் வால்போலப் போய்ச் சுவரில் செருகியிருந்தது. மீசையில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது.

"எப்படி இருக்க?" என்றேன்.

"மோசமில்ல."

"எப்பலேர்ந்து ஓடல?"

"வியாழக்கெழம சாயங்காலம்."

அன்று சனிக்கிழமை. "ரெண்டு ராத்திரி இந்தக் குளிருலயா படுத்துக் கெடந்த?"

"கம்பளி இருக்குல்ல. ஒரு பக்கம் நல்லாவே சுடுது. இன்னொரு பக்கம் கம்பி போயிருச்சு. அப்பப்பத் திரும்பிப் படுத்துக்கணும், அவ்வளவுதான். தோசை மாதிரின்னு வச்சுக்கோயேன்." உண்மையில் அவன் சொன்னது எங்கள் ஊர் அப்பத்தை. ஆனால் திருப்பிப் போடுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

சிரிக்கத்தான் வந்தது, சிரிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இந்த மனுஷனின் நெஞ்சுக்குள் ரத்தக்குழாய் அடைத்து, சின்னக் கம்பிக்குழல் வைத்து விரித்துவிட்டிருக்கிறார்கள். அன்றைய இரவு மைனஸ் முப்பத்தைந்துக்கு இறங்கும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ராத்திரியும் அவன் அங்கே படுத்தால், விடிந்ததும் என்னைக் கூப்பிடமாட்டார்கள், வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

அவன் நவம்பரிலிருந்து கராஜில்தான் படுக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தான்: குறட்டை. உண்மைக் காரணம் நாய். பெப்பர் என்று பதினான்கு வயதுக் கறுப்பு லாப்ரடார் ஒன்று மார்லிஸின் காலடியிலேயே கிடக்கும். கடைசியில் அதற்குப் பின்னங்கால்கள் போய்விட்டன. அக்டோபரில் மார்லிஸ், தங்கைக்கு இடுப்பு ஆபரேஷன் என்று டுலூத்துக்கு நாலு நாள் போயிருந்தபோது, டெல்மர் நாயைத் தூக்கி டிரக்கில் வைத்து மிருக டாக்டரிடம் கொண்டுபோனான். ஊசி போட்டார்கள். கொண்டுவந்து ஆப்பிள் மரத்தடியில் புதைத்து, மண்ணைச் சமப்படுத்தி, நாயின் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். அவள் அழ வேண்டாமே என்றுதான் செய்தான். அவளுக்கு ஒரு கஷ்டத்தை மிச்சப்படுத்திவிட்டதாக நினைத்தான். எங்கள் ஆண்பிள்ளைகள் பிரியத்தைக் காட்டுகிற லட்சணம் இது.

மார்லிஸ் திரும்பி வந்தாள். கவிழ்ந்திருந்த தட்டைப் பார்த்தாள். "சரி, அது முடிஞ்சுதாக்கும்" என்று சொல்லிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் உருளைக்கிழங்கு சீவ ஆரம்பித்துவிட்டாளாம். இதை அவள் தங்கை என் மனைவியிடம் சொன்னாள். திட்டு இல்லை, அழுகை இல்லை. மூன்று வேளையும் குறையில்லாமல் சமைத்துப் போட்டாள். பேச்சு மட்டும் நின்றுபோனது. மூன்று வாரம் பார்த்துவிட்டு டெல்மர், "என் கொறட்ட உனக்குத் தொந்தரவு" என்று தலையணையை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனான். அப்படியெல்லாம் இல்லை என்று அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாப்பிடவும் குளிக்கவும் வீட்டுக்குள் போவான். முடித்ததும் திரும்பி வந்துவிடுவான்.

நான் ஏணியை விரித்தேன். ஹீட்டர் கூரையிலிருந்து இரும்புப் பட்டைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ இதுல கை வச்சியா?"

"இல்லயே."

அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. இந்தப் பக்கத்தில் எந்த ஆம்பளையும் முதலில் தானே மூடியைக் கழற்றி, இரண்டு ஸ்குரூவைத் தொலைத்து, ஒரு ஒயரை மாற்றிச் செருகி, உருப்படியாகக் கெடுத்து வைத்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவான். டெல்மரோ நடுரோட்டில், பனிப்புயலில், லாரியின் பிளேடைப் பிரித்து மாட்டியவன். இந்த மூடியின் மேல் தூசி அப்படியே படிந்திருந்தது. ஒரு விரல் ரேகை கிடையாது.

தெர்மோஸ்டாட்டை ஏற்றச் சொன்னேன். ஏற்றினான். 'டிக்' என்றது. சின்ன ஃபேன் சுற்றத் தொடங்கியது. அரை நிமிஷம் சுற்றியது, நின்றது. மறுபடி சுற்றியது, நின்றது. அப்புறம் சிவப்பு விளக்கு மூன்று மூன்று தடவையாகக் கண்ணடித்தது.

இந்த ஹீட்டரில் கேஸ் எடுத்தவுடன் வந்துவிடாது. முதலில் அந்தச் சின்ன ஃபேன், புகை வெளியே போகிற குழாயில் காற்றைத் தள்ளிப் பார்க்கும். பாதை திறந்திருக்கிறது என்று ஒரு சுவிட்ச்சுக்கு நம்பிக்கை வரவேண்டும். அது வந்தால்தான் கம்பி சூடாகும், கேஸ் திறக்கும், நெருப்பு பிடிக்கும். அந்தச் சுவிட்ச்சுக்கு நம்பிக்கை வரவில்லை என்பதுதான் மூன்று கண்ணடிப்புக்கு அர்த்தம். சுவிட்ச்சே கெட்டிருக்கலாம். அதற்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். ஃபேனுக்கு வயதாகியிருக்கலாம். அல்லது பாதை நிஜமாகவே அடைத்திருக்கலாம்.

ரப்பர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், சுத்தம். சுவிட்ச்சை மீட்டர் வைத்துப் பார்த்தேன், பழுதில்லை. ஃபேன் நன்றாகவே இழுத்தது. கடைசியாகப் புகைக்குழாயையே ஃபேனிலிருந்து விலக்கிவிட்டு ஓடவிட்டேன். ஃபேன் சுற்றியது, சுவிட்ச் பிடித்தது, கம்பி ஆரஞ்சாகப் பழுத்தது, 'புஸ்' என்று நீலமாக நெருப்பு வந்தது. அடுத்த நொடியே அணைத்தேன். குழாய் இல்லாமல் எரிந்தால் புகையெல்லாம் எங்கள் இரண்டு பேர் மூக்கில்தான்.

"கோளாறு ஹீட்டர்ல இல்ல டெல்மர். கொழாய்ல அடைப்பு."

"இருக்கும்," என்றான். நெருப்பைப் பார்த்தவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"வெளிய போய்ப் பாத்தியா?"

"குளிரா இருந்துச்சு."

நாற்பது வருஷம் பனியில் வண்டி ஓட்டியவன் பேசுகிற பேச்சா இது?

"கொளவி கூடு கட்டியிருக்கும்," என்றான் என்னைப் பார்க்காமல்.

"ஜனவரியிலயா? வியாழக்கெழம வரைக்கும் ஓடுன கொழாய்லயா?"

அவன் கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டான்.

வெளியே போனேன். புகைக்குழாயின் வாய் வீட்டைப் பார்த்த சுவரில், கராஜ் ஜன்னலுக்குப் பக்கத்தில், என் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. பதினொரு நாளாகப் புதுப்பனி விழவில்லை. எல்லாத் தடமும் போட்டது போட்டபடி கிடந்தது. வீட்டின் பின்வாசலிலிருந்து சின்ன பூட்ஸ் தடம் நேராக அந்தக் குழாய்க்கு வந்திருந்தது. வந்து, திரும்பி, மறுபடி வந்து, மறுபடி திரும்பியிருந்தது. நாலு கெஜம் தள்ளியிருந்த கராஜ் கதவுப் பக்கம் அந்த பூட்ஸ் ஒரு எட்டுகூட வைக்கவில்லை.

குழாயின் வாயிலிருந்து தரை வரைக்கும் பனிக்கட்டி தாடிபோலத் தொங்கியது. ஹீட்டர் புகை இப்படி ஒழுகாது. யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஸ்குரூடிரைவரால் குத்தினேன். உள்ளே துணி. கொஞ்சம் சுரண்டியதும் சிவப்பு நூலில் தைத்த சேவலின் வால் தெரிந்தது.

அப்போது எனக்கு வந்த கோபம் குளிரையே மறக்கடித்தது. ஸ்குரூடிரைவரும் கையுமாகச் சமையலறைக்குப் போனேன். தட்டுவதற்கு முன்பே மார்லிஸ் கதவைத் திறந்தாள். மேஜையில் காபி ஊற்றி வைத்திருந்தாள்.

"காபி குடி, வெண்டெல்."

"காபி கெடக்கட்டும். அந்தக் கொழாய்ல என்னத்த அடைச்ச?"

அவள் கோப்பையை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். "பாத்திரம் தொடைக்கிற துணி."

"எப்ப?"

"வியாழக்கெழம. அது ஓடிக்கிட்டிருந்தப்ப."

"உனக்குப் புத்தி இருக்கா மார்லிஸ்? ஒரு சுவிட்ச், ஒரே ஒரு சுவிட்ச் வேல செய்யலன்னா அந்தப் புகை பூரா உள்ள திரும்பியிருக்கும். அதுல இருக்கற விஷவாயுவுக்கு நாத்தம் கெடையாது, நெறம் கெடையாது. தூங்குனவன் தூங்குனபடியே போயிருப்பான். நாய்க்காவது பக்கத்துல ஒரு டாக்டர் இருந்தாரு."

சொல்லியிருக்கக் கூடாது. பதினொரு நாளாகச் சரியாகத் தூங்காதவன் வாய்க்குப் பூட்டு இருக்காது. மார்லிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன். அந்தக் காபியையே குடித்தேன்.

"அரை மணி நேரத்துல உள்ள வந்துருவான்னு நெனச்சேன்," என்றாள். "சூப்பு வச்சிருந்தேன். வந்தான். குடிச்சான். நல்லாருக்குன்னான். திரும்பப் போயிட்டான். மறுநா காலைல பாத்தா மீசையெல்லாம் பனி. பயந்துபோயி எடுத்துரலாம்னு ஓடுனேன். வரல. கல்லு மாதிரி இருக்கு. கெட்டில்ல சுடுதண்ணி கொண்டுபோய் ஊத்துனேன்."

"இந்தக் குளிருலயா?"

"ரெண்டு கெட்டில்."

சூடான ஈரப்புகையை நெருப்பு அணையும்வரை அந்தத் துணி குடித்து, குடித்ததும் உறைந்திருக்கிறது. போதாக்குறைக்கு இவள் அதன் மேல் கொத்தனார் வேலையும் பார்த்திருக்கிறாள்.

"உள்ள வான்னு ஒரு வார்த்த கூப்பிடறதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"போனவன் அவன்தானே?" என்றாள். அப்புறம், தன் கையைப் பார்த்துக்கொண்டு, "ஏதோ பார்ட் வரணும், ஒரு வாரம் ஆகும்னு அவன்கிட்டச் சொல்லேன், வெண்டெல்."

"முப்பத்தாறு வருஷத்துல இல்லாத பார்ட்ட நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"இன்னிக்கு ராத்திரி முப்பத்தஞ்சாம்."

"தெரியும்."

எழுந்து வந்துவிட்டேன். சொல்லலாம்தான் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் டெல்மரை எனக்குத் தெரியும். பார்ட் இல்லை என்று சொன்னால் அந்தப் பாதிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏழு ராத்திரியும் கிடப்பான். அந்த நெஞ்சு அத்தனை நாள் தாங்காது. சரிசெய்து கொடுத்தாலோ, ஏப்ரல் வரைக்கும் கராஜில் சுகமாகப் படுத்திருப்பான். அடுத்த குளிர்காலமும் அங்கேதான். அப்புறம் ஒரு நாள் இருவரில் ஒருத்தர் போய்ச் சேர்வார். மற்றவர் "சரி, அது முடிஞ்சுதாக்கும்" என்பார். இதையெல்லாம் யோசிக்கவா நான் பிழைப்பு நடத்துகிறேன்? எனக்கு ஒரு நாற்காலி வேண்டும், அதில் நாலு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அப்போது என் ஆசை.

சூடுகாற்று அடிக்கிற துப்பாக்கியை நீட்டு ஒயரில் மாட்டி, அரை மணி நேரம் அந்தக் கட்டியோடு மல்லுக்கு நின்றேன். விரல்கள் முதலில் வலித்தன, அப்புறம் வலிப்பது நின்றது, அதுதான் பயம். கடைசியில் துணி விறகுக்கட்டை மாதிரி முழுசாக வெளியே வந்தது. குழாயை உள்ளே மறுபடி பொருத்தினேன். அந்தக் கட்டையை டெல்மரின் வேலை மேஜையில் போட்டேன். 'டொக்' என்றது.

டெல்மர் அதைப் பார்த்தான். "சேவல் போட்டது," என்றான். "அவங்கம்மா தச்சது."

"இது கொழாய்க்குள்ள எப்படிப் போச்சுன்னு கேக்க மாட்டியா?"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஜன்னலோரமா உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தேன். வந்தா. கோட்டுக்குப் பட்டன்கூடப் போடல. சொருகிட்டுப் போயிட்டா. மறுநா வந்து புடிச்சு இழுத்தா. அப்பறம் கெட்டிலோட வந்தா. ரெண்டாவது கெட்டிலோட வர்றப்ப வழுக்கிருச்சு. எந்திரிச்சுக் கதவு வரைக்கும் போயிட்டேன்."

"போயி?"

"சமாளிச்சு நின்னுட்டா. நான் திரும்பி வந்து உக்காந்துட்டேன்."

ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். "தெரிஞ்சேவா ரெண்டு ராத்திரி கெடந்த? ஒரு கம்பிய விட்டு நெம்பியிருந்தா அப்பவே வந்திருக்குமே. ஏன்யா எடுக்கல?"

"எடுத்தா, நான் பாத்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும். வெக்கப்படுவா." மேல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "அப்பறம்... நவம்பர்லேர்ந்து அவ இந்தப் பக்கம் வந்ததே அந்த நாலு தடவதான், வெண்டெல். அத எப்படி எடுத்துப் போடறது?"

"சரி. உன்ன உள்ள வர வைக்கத்தானே அடைச்சா? எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே?"

"கூப்பிடலயே."

"அய்யா சாமி," என்றேன். "நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு வார்த்த பேசியிருந்தா நான் இன்னிக்கு வீட்டுல தூங்கியிருப்பேன். ஒங்க வாய்ல இருக்கற அடைப்ப எடுக்க எங்கிட்ட டூல் இல்ல."

கத்தத்தான் நினைத்தேன். குரலில் தெம்பில்லாததால் கெஞ்சுவது மாதிரி வந்தது.

பார்ட் வரணும் என்று பொய் சொல்லவில்லை. பொய்யைச் சொன்னால் அதை ஞாபகம் வேறு வைத்துக்கொள்ள வேண்டும். எழுந்துபோய்த் தெர்மோஸ்டாட்டை ஏற்றினேன். டிக். ஃபேன் சுற்றியது. சுவிட்ச் நம்பியது. கம்பி பழுத்தது, நெருப்பு பிடித்தது. ஒரு நிமிஷத்தில் பெரிய ஃபேனும் சுற்றி, தலைக்கு மேலிருந்து சூடு இறங்க ஆரம்பித்தது. உறைந்த துணியிலிருந்து மேஜைமேல் தண்ணீர் சொட்டியது. வேறு எந்த வீட்டிலும் இந்த நிமிஷத்தில் எனக்குள் ஒரு திருப்தி வரும். அன்று வரவில்லை. ஒருத்தனுக்கு நிரந்தரமாகக் கராஜில் குடியிருக்க வசதி செய்து கொடுத்த மாதிரி இருந்தது.

சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தேன். வெளியே நெறுநெறுவென்று பனியில் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் குழாயில் வெள்ளையாகப் புகை வருவது தெரியும், பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை காலடி குழாயோடு நிற்கவில்லை. கதவு தட்டப்பட்டது. தன் சொந்தக் கராஜ் கதவை அவள் தட்டினாள்.

"தொறந்துதான் இருக்கு," என்றான் டெல்மர்.

மார்லிஸ் உள்ளே வந்து நின்றாள். கட்டிலைப் பார்த்தாள், பாதி செத்த கம்பளியைப் பார்த்தாள், மேஜைமேல் சொட்டிக்கொண்டிருந்த துணியைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"ஓடுதா?"

"ஓடுது," என்றேன்.

"நல்லதாப் போச்சு."

ஃபேன் மட்டும் இரைந்தது. நான் பெட்டியை மூடினேன். மூடிய பெட்டியைத் திறந்து மறுபடி மூடினேன். இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் வாசல் பக்கம் திரும்பினாள். திரும்பியபடியே, கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாம், டெல்மர்."

எதை என்று அவன் கேட்கவில்லை. "சொல்லியிருந்தா வேணாம்னுருப்ப."

"ஆமா. வேணாம்னுருப்பேன்." இப்போது அவள் அவன் பக்கம் திரும்பினாள். "மறுநா கேட்டிருந்தாலும் வேணாம்னுருப்பேன். மூணாவது தடவ கேட்டிருந்தா நானே பெப்பரத் தூக்கி டிரக்குல வச்சிருப்பேன். மடியில போட்டுக்கிட்டு வந்திருப்பேன். இந்த ஊருல பொறந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? ஒரு வாய் காபிக்கே ரெண்டு தடவ வேணாம்னு சொல்லிட்டு மூணாவதுக்குத்தானே கோப்பைய நீட்டறோம்? யாரு வந்தாலும் மூணு தடவ கேக்கறியே. எங்கிட்ட நீ ஒரு தடவகூடக் கேக்கலயே."

அறுபத்தாறு வருஷத்தில் அந்த ஊரில் ஒரு பெண் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. டெல்மர் எழுந்து நின்றான். தொப்பியை இரண்டு கையாலும் பிழிந்தான்.

"அவ தல எங் கையிலதான் இருந்துச்சு," என்றான். "கடைசி வரைக்கும். கைய எடுக்கல."

மார்லிஸ் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதாள். மூன்று மாதமாகத் தேங்கியிருந்த அழுகை அது. அவன் பக்கத்தில் போகத் தெரியாமல் நின்றான்.

"தப்புப் பண்ணிட்டேன், மார்லிஸ்."

அவள் கோட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள வா."

அவன் வாயைத் திறந்தான். எங்கள் ரத்தத்தில் ஊறிய வியாதி, "இல்ல, பரவால்ல, இங்கதான் இப்ப சூடா..." என்று ஆரம்பித்தான். எனக்குப் பெட்டியைத் தூக்கி அவன் மண்டையில் போடலாம் போலிருந்தது.

"உள்ள வா, டெல்மர்."

இன்னும் ஒரு தடவை மறுக்க அவனுக்கு ஊர் வழக்கப்படி பாத்தியதை இருந்தது. அவன் அவளைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான். சுவர்ப் பக்கம் போய்த் தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரைக்கும் இறக்கினான். காலையெல்லாம் விரல் மரத்து நான் பற்றவைத்த நெருப்பு என் தலைக்கு மேல் அடங்கிப்போனது. டெல்மர் தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.